பனிப்புயல் ஓய்ந்த மறுநாள் தடம் படாத பனி: குல்மார்க்கா, நிசேகோவா, குடாவுரியா?

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கமிருந்து பனிச்சறுக்குக்குப் போகிற கூட்டம் சின்னதுதான், ஆனால் வருஷா வருஷம் புதுசாக ஆட்கள் சேர்ந்துகொண்டே இருக்கிறோம். ஆரம்பத்தில் மெஷின் ஓட்டிச் சமன்படுத்திய சரிவில் திரும்பவும் நிற்கவும் பழகினால் போதும் என்றிருக்கும். அப்புறம் என்றைக்காவது பனிப்புயல் ஓய்ந்த காலையில், யாரும் இறங்காத சரிவில், முழங்காலுக்கு மேல் ஏறிவரும் பொலபொலவென்ற பவுடர் பனியில் ஒரு தடவை இறங்கிவிட்டால் அதோடு சரி. அதற்குப் பிறகு எந்த ஊருக்கு டிக்கெட் பார்த்தாலும் மனசில் ஓடுகிற கணக்கு ஒன்றுதான்: தடம் படாத பனி எங்கே கிடைக்கும், நாம் போய்ச் சேரும்வரை அது அங்கே இருக்குமா?

நம்ம ஊரிலிருந்து நடைமுறையில் போய்வரக்கூடிய இடங்கள் என்று பார்த்தால் காஷ்மீரில் குல்மார்க், ஜப்பானில் நிசேகோ, ஜார்ஜியாவில் குடாவுரி. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லீவை முன்னே பின்னே நகர்த்த முடிகிறவர்கள் குல்மார்க் போகவேண்டும். பொங்கல் லீவை விட்டால் வேறு வழியில்லை, ஆனால் செலவு பரவாயில்லை என்கிறவர்கள் நிசேகோ போகவேண்டும். குடாவுரி இரண்டுக்கும் நடுவில், சில பேருக்கு மட்டும் ரொம்பச் சரியாகப் பொருந்தும்.

எந்த ஊரில் அதிகம் பனி பெய்கிறது என்று அட்டவணை பார்த்து முடிவெடுக்கிறவர்கள் நிறையப் பேர். அதில் பாதி விஷயம்தான் இருக்கிறது. பெய்த பனியை எத்தனை பேர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள், லிஃப்ட் எப்போது திறக்கிறது, புயல் அடிக்கும்போதே இறங்க இடம் இருக்கிறதா, அடுத்த புயல் எத்தனை நாள் கழித்து வருகிறது, இந்த நாலும் சேர்ந்துதான் நமக்குத் தடம் படாத பனி கிடைக்குமா இல்லையா என்பதைத் தீர்மானிக்கின்றன. ஒரு வார லீவில் போகிற நமக்கு நாலாவதுதான் ரொம்ப முக்கியம்.

குல்மார்க்கிலிருந்து ஆரம்பிக்கலாம். ஊர் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோண்டோலா என்கிற, மூடிய பெட்டியில் ஏற்றிப்போகிற ரோப்காரின் முதல் கட்டம் கொங்டூரி வரை, சுமார் 3,080 மீட்டர், 1998-இல் திறந்தது. இரண்டாம் கட்டம் அங்கிருந்து அஃபர்வாட் மலையின் தோள் வரை, சுமார் 3,950 மீட்டர். அது 2005-இல் வந்தது. அதாவது லிஃப்டை விட்டு இறங்கிய இடத்திலிருந்து ஊர் வரை 1,300 மீட்டர் இறக்கம், காட்டு வழியாக அடிவாரத்து ஊரான டங்மர்க் வரை போனால் இன்னும் 500 மீட்டர் போலக் கூடும். இவ்வளவு பெரிய மலைக்கு மேலே கொண்டுபோய் விடுகிற லிஃப்ட் அந்த ஒன்றுதான், அதுவும் மணிக்குச் சுமார் 600 பேர்தான் ஏற்றும், அதில் பாதிக்கு மேல் பனியைப் பார்த்துவிட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டு அதே கோண்டோலாவில் இறங்குகிற சுற்றுலாப் பயணிகள். ஸ்கீ மாட்டிக்கொண்டு மேலிருந்து இறங்குகிறவர்கள் குறைவு. அதனால்தான் ஐரோப்பாவில் இரண்டு மணி நேரத்தில் உழுது முடித்துவிடுகிற அளவு பனி, இங்கே புயல் முடிந்து நாலைந்து நாள் கழித்தும் ஓரங்களில் அப்படியே கிடக்கிறது. உயரம் அதிகம், குளிர் அதிகம், பெரும்பாலும் வடக்கும் கிழக்கும் பார்த்த சரிவுகள், வெயில் சீக்கிரம் கெடுக்காது.

சிக்கல் எங்கே என்றால், காஷ்மீருக்குப் பனி கொண்டுவருவது மேற்கத்திய இடையூறுகள். மத்தியத்தரைக்கடல் பக்கம் உருவாகி ஈரான், ஆப்கானிஸ்தான் தாண்டி வருகிற இந்த மழைக் கூட்டங்கள் வந்தால் இரண்டு மூன்று நாளில் ஒரு மீட்டருக்கு மேல் கொட்டிவிட்டுப் போகும், வராவிட்டால் இரண்டு வாரம் வெறும் நீலவானம். டிசம்பர் 21-இல் தொடங்கும் சில்லை கலான் என்ற 40 நாள் கடுங்குளிரில்தான் நல்ல பனி என்று காஷ்மீரிகளே கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆனால் 2024 ஜனவரியில் என்ன ஆனது? மாதக் கடைசி வரை குல்மார்க்கில் புல் தெரிந்தது. பொங்கல் லீவுக்கு டிக்கெட் போட்டவர்கள் குதிரையில் ஏறிச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார்கள். ஜனவரி முடிகிற நேரத்தில்தான் பனி இறங்கியது, பிப்ரவரியில் நன்றாகவே பெய்தது. போனவர்கள் மலையில் எந்தத் தப்பும் செய்யவில்லை, தேதியை முன்னாலேயே கட்டிப்போட்டதுதான் அவர்களைக் கவிழ்த்தது.

ஆகவே குல்மார்க் போகிறவர்கள் தேதியை இறுக்கமாகப் பிடிக்கக்கூடாது. மேற்கத்திய இடையூறு வருவது நாலைந்து நாள் முன்னாலேயே வரைபடங்களில் தெரிந்துவிடும், ஸ்ரீநகர் வானிலை மையமும் சொல்லிவிடும். கோவையிலிருந்து டெல்லி, டெல்லியிலிருந்து ஸ்ரீநகர், அங்கிருந்து 50 கிலோமீட்டர் ரோடு. புயல் தொடங்குவதற்கு முந்தின நாள் குல்மார்க்கில் இருந்துவிட வேண்டும், புயல் அடிக்கும்போது வரலாம் என்று நினைத்தால் ஸ்ரீநகர் விமானம் ரத்தாகும், டங்மர்க்கிலிருந்து மேலே ஏறுகிற 13 கிலோமீட்டரில் சங்கிலி கட்டாத வண்டியை விடமாட்டார்கள். முன்னறிவிப்பில் மழை மில்லிமீட்டர்தான் போட்டிருக்கும், 10 மி.மீ. என்றால் குத்துமதிப்பாக 10 செ.மீ. பனி, குளிர் கூடக்கூட அது 15 ஆகும், 20 கூட ஆகும். 40, 50 மி.மீ. காட்டினால் எல்லா வேலையையும் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பலாம். சொந்தத் தொழில் செய்கிறவர்கள் நம்ம பக்கம் அதிகம் என்பதால்தான் இதை நடக்கிற காரியமாகச் சொல்கிறேன். மாதச் சம்பளத்தில் இருக்கிறவருக்கு மூன்று நாள் முன்னால் லீவு கேட்பது கஷ்டம்.

இன்னொன்று, நம்முடைய ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு ஒன்று குழுவில் இரண்டு பேரிடமாவது இருக்கட்டும். அப்புறம் உயரம். கோவை 400 மீட்டர் சொச்சம். அங்கிருந்து கிளம்பி மறுநாளே 3,950 மீட்டரில் போய் நின்றால் தலைவலியும் மூச்சிரைப்பும் வரும். முதல் நாள் ஊருக்குள்ளும் முதல் கட்டத்திலும் இருந்துவிட்டு அடுத்த நாள் மேலே போவது நல்லது.

நிசேகோ கதை நேர்மாறு. மலை உயரமே 1,308 மீட்டர்தான். அந்த அன்னுபூரி மலையைச் சுற்றி ஹிராஃபு, ஹனாசோனோ, நிசேகோ வில்லேஜ், அன்னுபூரி என்று நாலு ரிசார்ட், மேலே எல்லாம் ஒன்றாகச் சேர்கின்றன. சைபீரியாவிலிருந்து வருகிற குளிர்காற்று ஜப்பான் கடலைத் தாண்டும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து ஹோக்கைடோ மலைகளில் கொட்டுகிறது. புயல் வருமா வராதா என்ற கேள்வியே ஜனவரியில் அங்கே எழாது. ஏறக்குறைய தினமும் பெய்யும், சீசனுக்குச் சராசரி 14, 15 மீட்டர் என்று கணக்கு. பொங்கல் வாரம் சரியாக அதன் உச்சத்தில் விழுகிறது. பனியோ அப்படி ஒரு லேசு, கையில் அள்ளி ஊதினால் பறந்துவிடும், பிடித்து உருட்டினால் உருண்டையே நிற்காது.

ஆனால் பங்குக்கு ஆள் அதிகம். ஆஸ்திரேலியா, சிங்கப்பூர், ஹாங்காங், அமெரிக்கா என்று எல்லா நாட்டுக்காரர்களும் அதே பவுடருக்காகத்தான் வருகிறார்கள், சீனப் புத்தாண்டு சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். காலையில் லிஃப்ட் திறந்து ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் கண்ணுக்குத் தெரிகிற சரிவெல்லாம் வெட்டுப்பட்டிருக்கும். அப்படியும் ஏன் பரிந்துரைக்கிறேன் என்றால், வெட்டுப்பட்ட தடத்தை வானமே மூடிக்கொண்டிருக்கும். மதியம் அதே இடத்துக்குப் போனால் காலையில் போட்ட தடம் பாதி காணாமல் போயிருக்கும், ராத்திரி முழுக்கப் பெய்தால் மறுநாள் மறுபடி புதுசு. குல்மார்க்கில் புயல் முடிவதற்காகக் காத்திருக்கிறோம். நிசேகோவில் புயலுக்குள்ளேயே இறங்கவேண்டும், வெயில் வந்த நாள்தான் அங்கே கூட்டம் பிய்த்துக்கொள்ளும். இந்த ஒரு வித்தியாசத்தைப் புரிந்துகொண்டாலே எங்கே போவது என்பதில் பாதிக் குழப்பம் தீரும்.

அங்கே ரிசார்ட் எல்லைக்கு வெளியே போக கேட் வழியாகத்தான் போகவேண்டும். நிசேகோ விதிகள் என்று வைத்திருக்கிறார்கள்: கேட் மூடியிருந்தால் யாரும் வெளியே போகக்கூடாது, கயிற்றுக்கு அடியில் நுழையக்கூடாது, யூனோசாவா என்ற பள்ளத்தாக்குப் பக்கம் எப்போதும் தடை. மீறினால் பாஸைப் பிடுங்கிவிடுவார்கள். தினமும் காலையில் பனிச்சரிவு நிலவரம் எழுதி வெளியிடுகிறார்கள், அதை வாசிக்காமல் கிளம்பவேண்டாம். காற்றடிக்கிற நாளில் உச்சி கேட் திறக்காது. அதற்காக அறையில் உட்கார வேண்டியதில்லை, ஹனாசோனோ பக்கம் ஸ்ட்ராபெர்ரி ஃபீல்ட்ஸ் என்று பிர்ச் மரங்களுக்கு நடுவே நல்ல இடைவெளியுள்ள சரிவு இருக்கிறது, காற்றும் அங்கே அவ்வளவு அடிக்காது. கூட்டம் பொறுக்காதவர்கள் ஒரு நாளைப் பக்கத்து ரிசார்ட்டான ருசுட்சுவுக்கு ஒதுக்கலாம், வண்டியில் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம், மரங்களுக்கு நடுவே இறங்குவதற்கு என் மனசுக்கு நிசேகோவை விட அதுதான் பிடித்தது.

செலவைப் பொறுத்தவரை மூன்று ஊரிலும் நிசேகோவில்தான் தங்குமிடம் விலை அதிகம், சாப்பாடும் அப்படித்தான். விசா எடுக்கவேண்டும். கோவையிலிருந்து சிங்கப்பூர் போய் அங்கிருந்து சப்போரோவுக்கு மாறிப் போகிற வழி நமக்கு வசதி. சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் மீன்சாறு கலக்காத சாப்பாடு தேடி அலையவேண்டி வரும், நாலு பேராகப் போனால் சமையலறை உள்ள வீடாக எடுத்துக்கொண்டு பருப்பும் அரிசியும் குக்கரும் கொண்டுபோய்விடுவது நிம்மதி.

குடாவுரிக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது: கோவையிலிருந்து ஷார்ஜா, ஷார்ஜாவிலிருந்து திபிலிசி, இரண்டுமே ஏர் அரேபியாவில் போகலாம், அங்கிருந்து 120 கிலோமீட்டர் ரோடு. உச்சி லிஃப்ட் 3,200 மீட்டருக்கு மேல் கொண்டுபோய் விடும், லிஃப்டுகள் நவீனமானவை, செலவு நிசேகோவில் பாதிகூட வராது. ஆனால் மலையில் மரமே இல்லை. புயல் நாளில் வானமும் தரையும் ஒரே வெள்ளையாகி, நாம் நகர்கிறோமா நிற்கிறோமா என்றுகூடத் தெரியாது. அன்றைக்கு அறையில் உட்கார்ந்து கச்சாபுரி என்கிற சீஸ் ரொட்டி சாப்பிடவேண்டியதுதான். மறுநாள் வெயில் வந்தால் அடேயப்பா, கண்ணுக்கெட்டிய தூரம் வரை திறந்த சரிவு. அந்த வெயிலே எதிரியும் ஆகிவிடுகிறது, முக்கியச் சரிவுகள் பெரும்பாலும் தெற்கு பார்த்தவை என்பதால் பிப்ரவரி பாதிக்கு மேல் மதியத்துக்குள் பனி ஈரமாகி, ராத்திரி உறைந்து, மறுநாள் மேலே ஓடு கட்டியிருக்கும். மலைக்கு அந்தப் பக்கம் உள்ள கோபி என்ற ஊர்ப் பக்கம் இறங்குகிற கோண்டோலா 2018-19 சீசனில் வந்தது, வடக்கு பார்த்த அந்தப் பக்கத்தில் பனி கூடுதலாக இரண்டு மூன்று நாள் நிற்கும். துபாய், ஷார்ஜாவில் வேலை செய்கிற நம்ம ஊர்க்காரர்களோடு சேர்ந்து போகிற குழுவுக்கு இது ரொம்பப் பொருத்தம்.

உத்தரகாண்டில் இருக்கிற ஔலியைப் பற்றியும் கேட்பார்கள். கற்றுக்கொள்ள அருமையான இடம், நந்தாதேவியைப் பார்த்துக்கொண்டே இறங்கலாம். 2023 ஜனவரியில் ஜோஷிமத்தில் நிலம் அமிழ்ந்து வீடுகள் விரிசல் விட்டபோது கீழிருந்து வருகிற ரோப்வேயை நிறுத்தினார்கள். அதை விட்டுவிட்டுப் பார்த்தாலும் சரிவு குறைவு, உயரம் 3,050 மீட்டர் வரைதான், பவுடருக்காக அவ்வளவு தூரம் போவதில் அர்த்தமில்லை.

சரி, ஊரைத் தேர்ந்தாகிவிட்டது, புயலும் வந்துவிட்டது. அடுத்த முடிவு காலை எட்டு மணிக்கு எடுக்கவேண்டியது, அதில்தான் பெரும்பாலான குழுக்கள் நல்ல நாளைக் கோட்டை விடுகின்றன. குல்மார்க்கை வைத்தே சொல்கிறேன்.

புயல் ஓய்ந்த காலையில் எல்லோரும் இரண்டாம் கட்ட கோண்டோலாவுக்குத்தான் ஓடுவார்கள். மலையின் பாதுகாப்பைப் பார்த்துக்கொள்கிற பாட்ரோல்காரர்கள் மேலே வெடி வைத்துப் பனியைச் சரித்துவிட்டு, காற்று அடங்கியதா என்று பார்த்துவிட்டுத்தான் திறப்பார்கள். பதினொரு மணிக்கும் திறக்கலாம், இரண்டு மணிக்கும் திறக்கலாம், அன்றைக்குத் திறக்காமலே போகலாம். திறந்தால் முதல் ஒரு மணி நேரம் அங்கே கிடைப்பது வேறெங்கும் கிடைக்காது, அதில் சந்தேகமே இல்லை. திறக்காவிட்டால் கொங்டூரியில் வரிசையில் நின்று கால் மரத்துப்போனதுதான் மிச்சம். இன்னொரு வழி முதல் கட்டத்திலேயே இறங்கி, கொங்டூரிக்குக் கீழே உள்ள தேவதாரு, பைன் காட்டுக்குள் போவது. முதல் கட்டம் சீக்கிரம் திறந்துவிடும், மரம் காற்றைத் தடுக்கும், மரத்தின் கருப்பு இருப்பதால் மேடு பள்ளம் கண்ணுக்குத் தெரியும்.

பெருந்துறை மாப்பிள்ளையோடு போயிருந்தபோது இதே முடிவை எடுக்கவேண்டி வந்தது. பெய்து முடித்த காலை, வானம் வெளுத்துவிட்டது, வரிசையில் எங்களுக்கு முன்னால் நல்ல கூட்டம், மேலேயிருந்து வெடிச்சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. "ஏனுங் மச்சா, இன்னொரு மணி நேரம் நின்னு பாக்கலாங்களா?" என்றான். "உச்சியப் பாரு மாப்ள, பனி பொகையாட்டம் பறக்குது. காத்து நிக்காம தொறக்க மாட்டாங்க. காட்டுக்குள்ள போலாம் வா" என்றேன். எங்கள் கைடு டங்மர்க்காரர், அவரும் தலையாட்டினார். முதல் இறக்கத்தில் காட்டுக்குள் எங்களுக்கு முன்னால் போயிருந்தது ஒரு நரியின் காலடி மட்டும்தான். ஸ்கீயின் முனை பனிக்கு அடியிலிருந்து மேலெழும்பி வந்து மறுபடி மூழ்குகிறது, ஒவ்வொரு திருப்பத்துக்கும் பனி நெஞ்சு வரை எழும்பி முகத்தில் விழுகிறது, சத்தம் என்று எதுவுமே இல்லை, கிளையிலிருந்து பனிக்கட்டி தொப்பென்று விழுவதைத் தவிர. கீழே வந்து ஏறி, மறுபடி வேறு வரிசை மரங்கள். இரண்டாம் கட்டம் அன்றைக்குத் திறக்கவே இல்லை, மறுநாள்தான் திறந்தது, அன்றைக்கு முதல் ஆட்களில் நாங்களும் இருந்தோம்.

இதை வைத்துச் சொல்கிறேன்: புயல் ஓய்ந்த முதல் நாள் உச்சியில் காற்று தெரிந்தால் காடு, காற்றே இல்லாமல் அசையாத நீலவானமாக இருந்தால் மட்டும் மேல் வரிசை. இரண்டாம் நாள் மேலே. மூன்றாம் நாளிலிருந்து கொஞ்சம் நடக்கத் தயாராக இருக்கிறவர்களுக்குத்தான் தடம் படாத பனி. கோண்டோலாவை விட்டு இறங்கினவுடன் எல்லோரும் கண்ணுக்கு நேராகத் தெரிகிற சரிவில்தான் விழுவார்கள், எந்த நாட்டு மலையாக இருந்தாலும் இதுதான் வழக்கம். உயரத்தை விட்டுவிடாமல் பக்கவாட்டிலேயே பத்து நிமிடம், இருபது நிமிடம் நகர்ந்து போகிறவனுக்குத் தனிச் சரிவு கிடைக்கும். டங்மர்க், பாபா ரேஷி, டிராங் பக்கமாக இறங்கிக் காடு தாண்டி ஊருக்குள் போய் வண்டி பிடித்துத் திரும்புகிற வழிகள் நாலைந்து நாள் கழித்தும் புதுசாகவே இருக்கும்.

காற்றை வாசிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று நம்ம களத்துச் சருகையெல்லாம் கொண்டுபோய் வேலிக்கு மறுபக்கம் குவிக்கிறதே, பனியையும் மலைமுகட்டில் காற்று அப்படித்தான் செய்கிறது. காற்று வந்து மோதுகிற பக்கம் சொரசொரவென்று கெட்டியாகக் கிடக்கும், மறுபக்கம் பெய்ததை விட இரண்டு மடங்கு ஆழம் சேர்ந்திருக்கும். அந்த ஆழம்தான் நமக்கு வேண்டும், பனிச்சரிவும் அங்கேதான் உடையும். இந்த விஷயத்தில் யார் என்ன தைரியம் சொன்னாலும் கேட்காதீர்கள்.

2023 பிப்ரவரி 1-ஆம் தேதி அஃபர்வாட்டில் நடந்த பனிச்சரிவில் போலந்துக்காரர்கள் இரண்டு பேர் இறந்தார்கள். அடுத்த வருஷமே பிப்ரவரி 22-ஆம் தேதி இன்னொரு பனிச்சரிவில் ஒரு ரஷ்யர் இறந்தார். பெரும்பாலான பனிச்சரிவுகள் 30 முதல் 45 டிகிரி சாய்வில்தான் நடக்கின்றன, நாம் ஆசைப்பட்டு இறங்குகிற சாய்வும் அதேதான். புயல் முடிந்த முதல் ஒன்றிரண்டு நாள் ஆபத்து மிக அதிகம். காலடியில் தொம்மென்று ஒரு சத்தம் கேட்டுப் பனி கொஞ்சம் இறங்கினாலோ, ஸ்கீக்கு முன்னால் விரிசல் ஓடினாலோ அன்றைக்கு அந்தச் சாய்வை விட்டுவிட்டு சாய்வு குறைந்த காட்டுக்குத் திரும்பிவிடவேண்டும். குல்மார்க்கில் கோண்டோலாவுக்கு நேர் கீழே உள்ள கிண்ணம் போன்ற பகுதியைத்தான் பாட்ரோல் பார்த்துக்கொள்கிறது, அதைத் தாண்டினால் எல்லாம் நம் பொறுப்பு. நிசேகோவில் கேட் என்ற ஒரு காவலாவது இருக்கிறது, இங்கே பக்கவாட்டில் நகர்ந்தால் யாரும் தடுக்கமாட்டார்கள். அதனால் முதல் முறை போகிறவர்கள் கைடு இல்லாமல் எல்லையைத் தாண்டவே கூடாது, அந்தக் காசில் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள்.

ஆளுக்கொரு பீக்கன் (பனியில் புதைந்தவர் இருக்கிற இடத்தைச் சிக்னலால் காட்டிக்கொடுக்கிற கருவி), பனிக்குள் துழாவ நீளக் குத்துக்கம்பி, மடக்கு மண்வெட்டி மூன்றும் வேண்டும், ஒருவரிடம் மட்டும் இருந்து பிரயோஜனம் இல்லை. பீக்கன் எந்தக் கம்பெனி ஆனாலும் 457 கிலோஹெர்ட்ஸில்தான் பேசும், ஆகவே வாடகைக்கு எடுத்ததும் சொந்தமானதும் கலந்திருக்கலாம். செல்போனை அதிலிருந்து 20 செ.மீ. தள்ளி வைக்கவேண்டும், தேடும்போது 50 செ.மீ. தள்ளி வைக்கவேண்டும். பனியில் புதைந்தவரை முதல் 10, 15 நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால்தான் பிழைக்க நல்ல வாய்ப்பு, வெளியிலிருந்து உதவி வருவதற்குள் அந்த நேரம் போய்விடும், கூட இருப்பவர்தான் எடுக்கவேண்டும். கிளம்புவதற்கு முன்னாலேயே ஊரில் ஏதாவது மைதானத்தில் ஒரு பீக்கனை ஒளித்துவைத்துத் தேடிப் பழகுங்கள், பனியில் கை விறைத்தபோது பட்டன் எங்கே இருக்கிறது என்று தேடக்கூடாது. காட்டுக்குள் இன்னொரு ஆபத்து மரத்தடிப் பள்ளம். தாழ்ந்த கிளைகள் பனியைத் தடுப்பதால் அடிமரத்தைச் சுற்றிப் பொறுபொறுவென்று வெற்றுக் குழி இருக்கும், தலைகுப்புற விழுந்தால் தானாக வெளியே வருவது ரொம்பக் கஷ்டம். இரண்டிரண்டு பேராக, ஒருவர் கண்ணில் ஒருவர் இருக்கும்படி இறங்கவேண்டும். ஹோக்கைடோ காட்டிலும் இதே எச்சரிக்கைதான்.

பயணக் காப்பீடு எடுக்கும்போது சமன்படுத்தாத சரிவில் இறங்குவதற்கும் பொருந்துமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள், பல பாலிசிகளில் அது இருக்காது. ஸ்கீ விஷயத்தில், காலுக்குக் கீழே அகலம் 100 மி.மீ.க்கு மேல் உள்ளதாக எடுக்கவேண்டும், குறுகலானதில் பவுடருக்குள் மூழ்கித் தொடை வலிதான் மிஞ்சும். குல்மார்க்கில் தனியார் வாடகைக் கடைகளில் அகல ஸ்கீ உண்டு, புயல் வரும் என்று தெரிந்தால் முந்தின நாள் சாயங்காலமே எடுத்து அறையில் வைத்துவிடுங்கள். மங்கல் வெளிச்சத்துக்கு மஞ்சள் அல்லது ரோஸ் கண்ணாடி போட்ட காகிள் ஒன்று தனியாக. உள்ளே காட்டன் பனியன் வேண்டவே வேண்டாம். வேர்வையைக் குடித்துக்கொண்டு உடம்போடு ஒட்டிவிடும், லிஃப்டில் உட்காரும்போது அதுவே ஐஸ் ஆகும். திருப்பூரிலேயே பாலியெஸ்டர் நிட் துணியில் விளையாட்டு உடுப்பு தைக்கிற யூனிட்டுகள் இருக்கின்றன, உடம்போடு ஒட்டிய அளவில் இரண்டு செட் தைத்து வாங்கிக்கொண்டால் கடையில் விற்கிற பெரிய பிராண்டுக்குக் கொடுக்கிற காசில் கைடுக்கு ஒரு நாள் கூலி கொடுத்துவிடலாம்.

இனி யாருக்கு எது. திரும்பவும் நிற்கவும் வந்துவிட்டது, ஆனால் ஆழமான பனியில் இறங்கியதில்லை என்கிறவருக்கு நிசேகோ. சாய்வு மிதமானது, தினமும் புதுப்பனி, தடுமாறினாலும் மறுநாள் இன்னொரு வாய்ப்பு உண்டு. ஓரளவு தேறிவிட்டார், கைடோடு போகத் தயார், தேதியை நகர்த்த முடியும் என்கிறவருக்கு ஜனவரி கடைசி முதல் பிப்ரவரி பாதி வரை குல்மார்க், அதில் எனக்குத் துளியும் தயக்கமில்லை, தடம் படாத பனியில் ஒரே இறக்கத்தில் இவ்வளவு நீளம் மற்ற இரண்டிலும் கிடையாது. வெயிலில் திறந்த சரிவு பிடிக்கும், குழுவில் புதிதாகக் கற்கிறவர்களும் இருக்கிறார்கள், கைச்செலவு கணக்காக இருக்கவேண்டும் என்றால் ஜனவரியில் குடாவுரி.

பொங்கலுக்கே குல்மார்க் போயாகவேண்டும் என்று குடும்பத்தில் முடிவாகிவிட்டால் ஒன்று செய்யுங்கள்: டெல்லி வரைக்கும் மட்டும் முன்னால் டிக்கெட் போட்டு, ஸ்ரீநகர் டிக்கெட்டைத் தேதி மாற்றக்கூடியதாக எடுங்கள், குல்மார்க் அறையை முதல் இரண்டு ராத்திரிக்கு மட்டும் பதிவு செய்துவிட்டு மீதியை வானிலை பார்த்துச் சொல்வதாக ஹோட்டல்காரரிடம் பேசிக்கொள்ளுங்கள். கைடைத்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் பிடித்துவைக்கவேண்டும், புயல் வருவது தெரிந்த பிறகு நல்ல கைடு ஒருவர்கூட கையில் அகப்படமாட்டார்.